கைரோனியாவின் புளூட்டார்க்

அரபு மொழி அறிஞர்கள் புளூட்டார்க்கை ‘ஃபுலூதர்குஸ்’ என அறிந்திருந்தனர். இப்னு நதீமின் அல்ஃபிஹ்ரிஸ்தில் அவர் பெயர் உண்டு. தத்துவ ஞானிகளின் கருத்துகளைத் தொகுத்துரைக்கும் ஒரு நூலைக் குஸ்தா இப்னு லூக்கா அவர் பெயரால் அரபியாக்கினார். ஆனால் அந்நூல் அவருடையதன்று என்பதே இன்றைய ஆய்வாளர் துணிபு. அவருடைய ‘இணை வரலாறுகள்’ அக்கால அரபு உலகை எட்டவில்லை. மேற்கிலோ அந்நூல் ஒன்றே அவர் அடையாளமாயிற்று. இரு வழியிலும் மறைந்து போனவர், ஊர்ப்பணி செய்த புளூட்டார்க்.

கி.பி. 46ஆம் ஆண்டளவில் கிரேக்கத்தின் பொயோத்தியாவில் கைரோனியா என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஏதென்சில் பயின்றார், ரோமில் விரிவுரையாற்றினார், ரோமக் குடியுரிமையும் பெற்றார். எனினும், தாமும் வெளியேறினால் தம் சிறிய ஊர் மேலும் சிறிதாகிவிடும் என்று அங்கேயே தங்கினார். அருகிலுள்ள டெல்ஃபிக் கோயிலில் நெடுங்காலம் பூசகராகவும் இருந்தார்.

ஊரில் அவர் ஆற்றிய பணி யாது? ஓடுகளை அளக்கும்போதும், கல்லும் சாந்தும் வந்திறங்கும்போதும் உடனிருந்து மேற்பார்ப்பது! இதைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. தமக்காகவன்று, ஊருக்காகவே செய்வதாக அவர் விடையிறுத்தார். தீப்ஸ் நகரத்தார் பொறாமையால் மாவீரர் எபமினோந்தாஸுக்குத் தெருச் சாணமும் கழிவுநீரும் அகற்றும் பதவியைத் தந்தபோது, அவர் அப்பதவிக்கே மதிப்புத் தேடித் தந்ததையும் நினைவூட்டுகிறார்.

அதே அறிவுரை நூலில்தான், ஊர்த் தலைவர்கள் தம் தலைக்கு மேலுள்ள ரோமரின் காலணிகளை மறக்கலாகாது என்றும் எச்சரிக்கிறார். இதனை அடிமை மனப்பான்மை எனத் தள்ளிவிடலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. ரோமரின் நட்பால் பயன் பெற்றவர் என்பதால் அவருடைய பணிவு நமக்கு உறுத்தவே செய்கிறது. எனினும், அவ்வெச்சரிக்கைக்குப் பின்னே ஒரு குடும்ப நினைவு உண்டு. அந்தோனியின் வரலாற்றில் அதைக் காணலாம். கி.மு. 31இல் அந்தோனியின் படைக்காகக் கைரோனியா மக்கள் கோதுமையைத் தோளில் சுமந்து, சாட்டையடிக்கு அஞ்சி அந்திகீராக் கடற்கரைக்கு இறங்கினர் என்று அவர் கொள்ளுப்பாட்டனார் நிகார்க்கஸ் கூறுவாராம். பேரரசர் போர்களுக்கு நடுவே இச்சிறு செய்திக்கும் இடமளித்தவர், ஊரின் கல்லையும் ஓட்டையும் எண்ணிப் பழகியவரே. முதற்சுமை இறங்கி, இரண்டாவது அளக்கப்பட்டிருந்த வேளையில் அந்தோனி தோற்ற செய்தி வந்தது. அதிகாரிகளும் வீரர்களும் ஓடினர். ஊரார் கோதுமையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர்.