சொல்லிழந்த கவிஞரின் சொல்வன்மை

திருக்குறளின் அமைச்சியலில் ‘சொல்வன்மை’ என்றோர் அதிகாரம் உண்டு. சங்க மேடைகளில் நாம் அடிக்கடி எடுத்தாளும் அதிகாரம் அது. தாம் கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துரைக்க மாட்டாதவரை, கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு அதன் இறுதிக் குறளில் ஒப்பிடுகிறார் வள்ளுவர். அவையில் பேசும் ஆற்றல் பெற வேண்டியவர்க்குச் சொன்ன அறிவுரை அது. ஆனால், சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் நிறைந்திருந்தும், மூளையில் நேர்ந்த ஊறு காரணமாக வாய் எழாத ஒருவரை எம்மலருக்கு ஒப்பிடுவது?

இக்கேள்வி ஏட்டிலிருந்து எழுந்ததன்று. நாம் வாழும் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் இருந்தார். கம்பனைக் கணீரென்ற குரலில் சொல்லக் கூடியவர். பக்கவாதம் தாக்கியபின் அவர் வாயில் இரண்டு மூன்று சொற்களே எஞ்சின. நாம் அவரைக் காணச் சென்றபோதெல்லாம் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினோம். அவர் ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது, உதவி செய்வதாக எண்ணி, நாமே வாக்கியத்தை முடித்து வைத்தோம். அவ்வாண்டு விழா நிரலிலிருந்து அவர் பெயரை நீக்கிய குழுவில் நாமும் இருந்தோம். “பாவம், அவருக்கு ஏன் சிரமம்?” என்பதே நாம் எழுதிக்கொண்ட காரணம். அதன்பின்னரே சுவீடன் நாட்டுக் கவிஞர் டோமாஸ் டிரான்ஸ்ட்ரோமரின் நூல்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் நம் கைக்கு வந்தன.

நோயைப்பற்றிச் சில சொற்கள். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, ஓர் அசையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லி வந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க முன்மடலில் சேதம் இருக்கக் கண்டார். இவ்வகைப் பேச்சிழப்பில், பிறர் கூறுவது பெரும்பாலும் விளங்கும். தாம் கூற நினைப்பதும் தெரியும். அதைச் சொல்லாக்கும் வழியே அடைபட்டுப்போகும். எழுத்தும் பெரும்பாலும் தடுமாறும். சொற்களை இணைக்கும் இலக்கண உறுப்புகள் உதிர்ந்து, பெயர்ச்சொற்கள் தனித்தனியே விழும். ஆயினும் பேச இயலாத சிலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடிவிடுவர். அறிவு மங்கியதாக அயலார் கொள்வதே இந்நோயின் பெருங்கொடுமை.

1931இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த டிரான்ஸ்ட்ரோமர் தொழிலால் உளவியலாளர். இளங்குற்றவாளிகளிடையே பணியாற்றியவர். 1954இல் பதினேழு கவிதைகள் கொண்ட முதல் நூலை வெளியிட்டார். 1990இல் பக்கவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் பறித்தது. ஆனால் ‘துயரப் படகு’ என நாம் பெயர்த்துரைக்கக்கூடிய தொகுதி 1996இல் வந்தது. ‘பெரும்புதிர்’ 2004இல் வந்தது. 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015இல் அவர் மறைந்தார்.

‘துயரப் படகு’ என்னும் தலைப்பு, இசைமேதை லிஸ்ட் முதுமையில் இயற்றிய பியானோ இசையொன்றின் பெயர். வெனிஸ் நகரில் மருமகன் வாக்னரின் இல்லத்தில் தங்கியிருந்த காலத்தில் பிறந்த இசை அது. இத்தொகுதியில் ‘ஏப்ரலும் மௌனமும்’ என்றொரு சிறு கவிதை உண்டு. சொல்ல விரும்பும் பொருள் கைக்கெட்டாமல் மின்னுவதைக் காட்ட, அடகுக் கடையில் இருக்கும் வெள்ளிப் பொருளைக் கவிஞர் உவமையாக்குகிறார். அடகுக் கடையை அறியாத குடும்பம் நம்மிடையே ஏது? அடகில் வைத்தது விற்றுப்போனதன்று, உரிமை நம்முடையதே. கண்ணாடிக்குப் பின்னால் அதைக் காணவும் கூடும். எடுத்துவரத்தான் இயலாது. பேச்சிழப்பை இதனினும் சரியாக எந்த மருத்துவ நூலும் நமக்கு விளக்கியதில்லை. சொல் அழியவில்லை, அடகில் இருக்கிறது என்ற உண்மையை ஓர் உவமையில் நிறுத்திவிட்டார்.

நோயே அவர் கவிதையைச் சுருக்கியது என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. 1959ஆம் ஆண்டிலேயே, இளைஞர் சிறைச்சாலை ஒன்றைப் பற்றி அவர் ஒன்பது ஹைக்கூக்கள் எழுதியிருந்தார். அவை 2001இல்தான் நூலாயின. சுருக்கம் அவர் இளமையிலேயே விரும்பி ஏற்ற நெறி. பதினேழு அசைகளில், பெயர்ச்சொற்களை அருகருகே வைத்து நிற்கும் வடிவம் ஹைக்கூ. வாக்கியத்தைக் கட்டும் ஆற்றல் குன்றிய நாளில், முன்னரே பழகிவைத்த அச்சிறு வீடு அவருக்குப் புகலிடமாயிற்று. நோய் அவ்வீட்டைக் கட்டவில்லை.

அவ்வாறே, அவர் தம் விதியை முன்னறிந்தார் என்பதும் மிகை. 1974இல் வந்த ‘பால்டிக் கடல்கள்’ என்னும் நெடுங்கவிதையில், பக்கவாதத்தால் பேச்சிழந்தும் இசை இயற்றும் ஒருவர் வருகிறார். சோவியத் இசையமைப்பாளர் விசாரியன் ஷெபாலினின் வாழ்வோடு இப்பகுதி ஒத்துப்போகிறது. ஷெபாலின் 1948இல் அதிகாரத்தின் கண்டனத்துக்கு ஆளாகி மாஸ்கோ இசைக்கல்லூரித் தலைமையை இழந்தவர். பின்னர் பக்கவாதத்தால் பேச்சையும் இழந்தவர். 1962இல் ஐந்தாம் சிம்பொனியை முடித்து, 1963இல் மறைந்தார். உளவியலாளரான கவிஞர் இதனை எழுதியதில் சோதிடம் ஏதும் இல்லை. பிறர் துன்பத்தைக் கூர்ந்து நோக்கிய கண்ணே இருக்கிறது. வியப்புக்காக அக்கண்ணின் பெருமையை நாம் குறைத்துவிடலாகாது.

குறையும் கூறவேண்டும். ‘பெரும்புதி’ரின் சில ஹைக்கூக்கள், ஆசிரியரின் நோயை அறியாத வாசகனுக்கு மெலிந்தே தோன்றும். முன்னைய நூல்களின் படிமங்கள் மங்கலாக மீண்டும் வருவதும் உண்டு. அங்கே நம் இரக்கமே கவிதையின் பாதிப் பணியைச் செய்துவிடுகிறது. சுவீடிய மொழியின் ஓசை நமக்கு எட்டாததும் ஒரு காரணமாகலாம். ஆயினும் இரக்கத்தால் மதிப்பெண் போடுவது கவிஞருக்குச் செய்யும் அவமதிப்பே. நல்லதை நல்லதென்றும் மெலிந்ததை மெலிந்ததென்றும் கூறும்போதுதான், அவரை நோயாளியாக அல்லாமல் கவிஞராக நடத்துகிறோம்.

நோபல் பரிசு பெறுவோர் வழக்கமாக ஆற்றும் பேருரையை அவரால் ஆற்ற இயலவில்லை. அதற்கு ஈடாக, அவர் கவிதைகளைப் பிறர் வாசிக்கவும் இசைக்கவும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பேச்சு போனபின்னும் இடக்கையால் பியானோ வாசித்தவர் அவர். அக்கைக்கென்றே இசையமைப்பாளர்கள் இசை எழுதித் தந்தனர். மனைவி மோனிக்கா அவர் கருத்தை உலகிற்கு எடுத்துரைத்தார். ஒரு சமூகம் தன் கவிஞரை மேடையிலிருந்து நீக்காமல், மேடையை அவருக்கேற்ப மாற்றிக்கொண்டது.

இதைப் படித்தபோது நாம் வெட்கினோம். வேற்று மாநிலத்தில் வந்திறங்கிய புதிதில், கடைத்தெருவில் சொல் கிட்டாமல் நாமும் கை நீட்டிக் காட்டி நின்றவர்களே. அதனால் அந்நோயை அறிவோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நமக்கு வீடு திரும்பியதும் தமிழ் காத்திருந்தது, அவர்களுக்கு வீட்டிலும் அது இல்லை. ஆயினும், பதில் வரும்வரை பொறுத்த ஒரு கடைக்காரரின் அருமையையேனும் நாம் அறிவோம்.

அடுத்த ஆண்டு விழாவிற்குப் பெரியவரை அழைத்து வந்தோம். உரை கேட்கவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியபோது, எங்கள் குரல்களோடு அவர் குரலும் சொல் பிறழாமல் எழுந்தது. பாட்டு முடிந்தபின் அவர் ஏதோ சொல்ல முயன்றார். நெடுநேரமாயிற்று. இம்முறை எவரும் அவருக்காக வாக்கியத்தை முடிக்கவில்லை. மணமற்ற மலர் எனக் கருதியிருந்தோம். அருகே நின்று காத்திருக்க மறந்தவர்கள் நாமே.