முக்காட்டுக்குள் ஒரு முகம்

வெண்திரையில் அருட்சகோதரிகளைக் காட்டுவதற்கு எளிய வழிகள் இரண்டு உண்டு. கித்தாரை மீட்டிக்கொண்டு குழந்தைகளோடு குதித்தோடும் வெள்ளையுள்ளம் ஒன்று. இருண்ட மடத்துச் சுவர்களுக்குள் பிரம்பும் கையுமாய் நிற்கும் கடுமுகம் மற்றொன்று. முன்னதைக் கண்டு நம் மக்கள் குடும்பத்தோடு மகிழ்கிறார்கள். பின்னதைக் கண்டு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். இவ்விரண்டிலும் வார்த்தைப்பாட்டுக்கு இடமே இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. ஒரு பெண் தன் இளமையை, தாய்மையை, தன் விருப்பத்தையே இறைவன் கையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல் எழுந்து பாத்திரம் துலக்குகிறாள். அந்த மறுநாள் காலையைத் திரையில் நடித்துக் காட்டியவர் மிகச் சிலரே. அவர்களுள் தலையாயவர் என்று நாம் கருதுவது, கத்தோலிக்கத் துறவு வாழ்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பிரித்தானிய நடிகையை. அவர் பெயர் டெபோரா கார். ஆங்கில எழுத்துகளைக் கொண்டு 'கெர்' என்று படிப்போர் உண்டு. அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம், இப்பெயர் 'ஸ்டார்' என்னும் சொல்லோடு இயைபு கொள்ளும் என்று விளம்பரம் செய்தே உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1921 செப்டம்பர் 30-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். தந்தை முதல் உலகப் போரில் சோம் களத்தில் ஒரு காலை இழந்தவர். மகள் பாலே நடனம் பயின்று, 1938-இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஆடினார். பின்னர் நாடகத்துக்கும் திரைக்கும் திரும்பினார். 1941-இல் வெளிவந்த 'மேஜர் பார்பரா' படத்தில் இரட்சணிய சேனைப் பெண்ணாகச் சிறு வேடம். 1943-இல் பவல், பிரஸ்பர்கர் இருவரும் உருவாக்கிய 'கர்னல் பிளிம்ப்' படத்தில் ஒருவரே மூன்று பெண்களாகத் தோன்றினார். இருமுறை திருமணம் செய்தார். முதல் மணம் 1959-இல் முறிந்தது. இதனை மறைக்க வேண்டியதில்லை. நீட்டிப் பேசவும் வேண்டியதில்லை. நடிகரின் சொந்த வாழ்வைத் துருவி, அதன்பின் அவர் கலையை மதிப்பிடுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். அவ்வழக்கத்தை இங்கே நாம் பின்பற்றப் போவதில்லை.

நம் பேச்சின் நடுவில் நிற்பது 1947-இல் வெளிவந்த 'பிளாக் நார்சிஸஸ்'. ரூமர் காடன் 1939-இல் எழுதிய புதினத்தைப் பவலும் பிரஸ்பர்கரும் படமாக்கினார்கள். கல்கத்தாவிலிருந்து ஐந்து சகோதரிகள் இமயச் சரிவில் மோப்பு என்னும் கற்பனை ஊருக்குப் பள்ளியும் மருந்தகமும் நடத்த அனுப்பப்படுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கட்டடம், முன்பொரு காலத்தில் அரச குடும்பத்தின் அந்தப்புரமாக இருந்த மாளிகை. ஓயாத காற்று, எதிரே மலை, மேலே மனிதரைப் பொருட்படுத்தாத வானம். அங்கே ஒவ்வொருவரும் தாம் மறந்துவிட்டதாக நினைத்ததை நினைக்கத் தொடங்குகிறார்கள். காய்கறி பயிரிட வேண்டிய சகோதரி பிலிப்பா தோட்டம் முழுவதும் மலர்களை நட்டுவிடுகிறார். சாகும் நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு மனமிரங்கி மருந்து கொடுக்கிறார் ஒரு சகோதரி. குழந்தை இறந்ததும் ஊரே விலகிப் போகிறது. கடைசியில் ஒரு சகோதரி மனம் பிறழ்ந்து, மணிக்கூண்டருகே தலைவியைத் தள்ளிவிட முயன்று தாமே பள்ளத்தில் வீழ்ந்து மடிகிறார். மடம் கலைகிறது.

மடத் தலைவி சகோதரி க்ளோடாவாக நடித்த இப்படம் வெளிவந்தபோது டெபோரா காருக்கு இருபத்தைந்து வயது. துறவுடை அவருடைய கூந்தல், கழுத்து, உடலசைவு யாவற்றையும் மறைத்துவிட்டது. நடிகைக்கு எஞ்சியவை கண், வாய், இரு கைகள் மட்டுமே. இத்தனை குறைவான கருவிகளைக் கொண்டு அவர் எழுப்பும் பாத்திரத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் முகவாய் சற்றே உயர்ந்திருக்கிறது. அது தெய்வ பக்தி என்று நாம் எண்ணுகிறோம். படம் நகர நகர, அது செருக்கு என்று தெரிகிறது. குரல் ஒருபோதும் உயர்வதில்லை. ஆனால் ஆணையிட்டுப் பழகிய குரலும் அஞ்சியதை மறைக்கும் குரலும் வெவ்வேறாக நம் காதில் விழுகின்றன.

அவர் சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருக்கும்போது அயர்லாந்து நினைவுகள் எழுகின்றன. குதிரைச் சவாரி, ஏரிக்கரை, பாட்டியின் மரகத நகை, மணப்பதாக ஊரார் எல்லாரும் எதிர்பார்த்த இளைஞன். அவன் தன்னை விட்டுவிட்டு அமெரிக்கா போகத்தான் எண்ணியிருந்தான் என்று உணர்ந்ததும், ஊரார் முன் அவமானப்படுவதற்கு முன்பே தான் புறப்பட்டு மடத்தில் சேர்ந்ததாக அவர் பின்னர் ஒப்புக்கொள்கிறார். அடிபட்ட தன்மானமே அவருடைய இறையழைத்தலின் முதற்படி!

இதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அன்று இருந்தனர். அமெரிக்கக் கத்தோலிக்கர் நடத்திய 'நல்லொழுக்க அணி' படத்தைக் கண்டித்தது. அயர்லாந்து நினைவுக் காட்சிகள் அமெரிக்கப் படிகளிலிருந்து வெட்டப்பட்டன. துறவுடை அணிந்தவள் காதலனை நினைக்கலாகாது என்பது அவர்கள் கருத்து. இத்தனைக்கும் கதையில் வருவோர் கத்தோலிக்கத் துறவியர் அல்லர். ஆண்டுதோறும் வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கும் ஆங்கிலிக்கன் சபையினர். அந்த அணியினரின் அக்கறையை நாம் எள்ளி நகையாடவில்லை. 1936-இல் பதினொன்றாம் பத்திநாதர் திரைப்படங்களைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல் அவர்கள் முயற்சியைப் பாராட்டியே எழுதப்பட்டது. ஆயினும் இந்த வெட்டு இறையியல் நோக்கிலேயே பிழையானது என்பது நம் துணிபு. அருள் இயற்கையை அழிப்பதில்லை, அதனை நிறைவுறச் செய்கிறது என்பது அக்வினாஸ் வழியாக நாம் கற்ற பாடம். தூய்மையற்ற தொடக்கத்தையும் இறைவன் பயன்படுத்திக்கொள்வார் என்பதற்கு விவிலியத்தில் யாக்கோபு முதலாக எத்தனை பேர்! நினைவை அறுத்தெறிந்த பின் எஞ்சும் க்ளோடா, பலிபீடத்தின் ஓரத்தில் நிற்கும் சுதைச் சுரூபம். சுரூபத்துக்கு வார்த்தைப்பாடு கொடுக்க இயலாது.

வெட்டியவர்கள் கவனிக்காத உண்மையான கண்டனம் ஒன்று படத்திலேயே இருக்கிறது. புறப்படுமுன் கல்கத்தா தலைமை அன்னை க்ளோடாவிடம், நலம் குன்றிய சகோதரி ரூத்தையும் உடன் அழைத்துச் செல்லச் சொல்கிறார். அவளுக்குத் தான் முக்கியமானவள் என்ற உணர்வு தேவை என்கிறார்; முடியுமானால் உன்னுடைய முக்கியத்துவத்தில் சிறிது அவளுக்குக் கொடு என்றும் குறிப்பாகச் சொல்கிறார். க்ளோடாவால் அது முடியவில்லை. ரூத் வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்காமல், சிவப்பு உடை உடுத்தி, எதிரில் அமர்ந்து உதட்டுக்குச் சாயம் பூசிக்கொள்ளும் அந்த இரவில், க்ளோடா மெழுகுதிரியையும் நூலையும் முன்வைத்துக் காவலிருக்கிறார். கேத்லீன் பைரனின் கண்கள் அக்காட்சியில் பார்ப்போரை நடுங்க வைக்கும். ஆனால் நாம் பார்க்க வேண்டியது எதிரே அமர்ந்திருக்கும் முகத்தை. அதில் வெறுப்பு இல்லை. காலம் கடந்துவிட்டது என்ற அறிவு மட்டுமே உண்டு. மடத்தை விட்டு வெளியேறி வந்த ஒரு பெண் ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது, கோவில் வாசலில் நாம் நடத்தும் காதோடு காது பேச்சை நினைத்துக்கொண்டு இக்காட்சியைப் பார்ப்பது நன்று. அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறோம். அவளுடன் வாழ்ந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை.

படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும. இதில் வரும் இமயம் இமயமன்று. படப்பிடிப்பு முழுவதும் இங்கிலாந்தின் பைன்வுட் படக்கூடத்திலும் சசெக்ஸ் நாட்டுத் தோட்டம் ஒன்றிலும் நடந்தது. சிகரங்கள் கண்ணாடியில் தீட்டப்பட்ட ஓவியங்கள். ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவுக்கும் ஆல்ஃபிரெட் யுங்கின் கலை அமைப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது நியாயமே. ஆனால் அந்த அழகிய மலையில் வாழும் இந்தியர்கள் குழந்தைகளாகவோ, விசித்திரப் பிறவிகளாகவோ, ஆசையின் உருவங்களாகவோதான் வருகிறார்கள். ஜீன் சிம்மன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணே தோலுக்கு நிறம் பூசிக்கொண்டு மலைநாட்டுப் பெண்ணாக நடிக்கிறார். நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் வந்த படம் இது. வெள்ளையர் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கும் இறுதிக் காட்சியை அந்நாட்டவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. ஒரே விதிவிலக்கு, குன்றின்மேல் பேசாமல் அமர்ந்திருக்கும் முதிய துறவி. அவரை அப்புறப்படுத்த வேண்டும் என்கிறார் க்ளோடா. கிறிஸ்துவாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊர்வாசியான ஆங்கிலேயன் திருப்பிக் கேட்கிறான். க்ளோடாவிடம் மறுமொழி இல்லை.

இப்படத்துக்கும் 'ஐ சீ எ டார்க் ஸ்ட்ரேஞ்சர்' படத்துக்குமாக நியூயார்க் விமர்சகர் வட்டத்தின் 1947-ஆம் ஆண்டுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஹாலிவுட் அழைத்தது, அழைத்துக்கொண்டு போய் பல ஆண்டுகள் அலங்காரப் பதுமையாக வைத்திருந்தது. 'குவோ வாடிஸ்' (1951) படத்தில் உரோமைக் கிறிஸ்தவப் பெண்ணாக வருகிறார். நம்மில் பலர் பக்தியோடு பார்த்த படம் அது. ஆயினும் மறைசாட்சிகளின் படத்தில் அவர் முகம் அழகாக இருப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதற்கில்லை. 1953-இல் 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' வந்தது. கடற்கரைக் காட்சியைப் பற்றி உலகம் பேசியது போதும். 1956-இல் 'த கிங் அண்ட் ஐ' பெரும்புகழ் தந்தது. பாடல்களின் பெரும்பகுதியை அவருக்காகப் பாடியவர் மார்னி நிக்சன்.

1955-இல் கிரஹாம் கிரீனின் 'த எண்ட் ஆஃப் தி அஃபேர்' படமாயிற்று. குண்டுவீச்சில் காதலன் இறந்தான் என்று எண்ணிய மணமான பெண், அவன் உயிர் பிழைத்தால் அவனைக் கைவிடுவதாக நம்பாத கடவுளிடம் வாக்குக் கொடுக்கிறாள்; அவன் எழுந்து வருகிறான். கத்தோலிக்கப் புனைகதையின் உச்சிகளுள் ஒன்றான இக்கதையைப் படம் தட்டையாக்கிவிட்டது. எனினும், வாக்குக் கொடுத்தபின் கதவு திறந்து அவன் வரும் கணத்தில் டெபோரா காரின் முகத்தில் மகிழ்ச்சியும் இழப்பும் ஒன்றாக வருவதை மறக்க இயலாது.

அதன்பின் 1957-இல், ஜான் ஹியூஸ்டன் இயக்கிய 'ஹெவன் நோஸ், மிஸ்டர் அலிசன்'. டொபேகோ தீவில் எடுக்கப்பட்டது. பசிபிக் போரின்போது ஆளற்ற தீவொன்றில் சகோதரி ஏஞ்சலாவும் அலிசன் என்னும் அமெரிக்க மரைன் படை வீரனும் தனித்து விடப்படுகிறார்கள். இவர் இன்னும் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்காதவர். அதாவது சட்டப்படி வழி திறந்தே இருக்கிறது. அவனோ அநாதை, தெருவின் பெயரே அவன் பெயர். உனக்குத் திருச்சபை போல எனக்கு என் படை என்கிறான் அவன். ராபர்ட் மிட்சம் இதைச் சொல்லும் எளிமையில், கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டைப் பற்றி நாம் கேட்ட பல தியான உரைகளைவிடப் பொருள் இருக்கிறது.

அவன் அவருக்காக ஒரு சீப்பைச் செதுக்கித் தருகிறான். முக்காட்டுக்குள் கூந்தல் கத்தரிக்கப்பட்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அந்தச் சீப்பை வாங்கும்போது சகோதரி ஏஞ்சலா நகைப்பதில்லை, நாணுவதில்லை, உபதேசிப்பதுமில்லை. பரிசையும் அது தனக்குப் பயன்படாது என்பதையும் சேர்த்தே ஏற்கிறார். பின்னர் அவன் மணந்துகொள்ளக் கேட்கும்போது அவர் மறுப்பது அவனை வெறுத்தன்று. வேறொருவருக்கு வாக்குப்பட்ட பெண் மறுப்பது போல மறுக்கிறார். அவருக்கு அவன்மேல் அன்பு உண்டா? உண்டு என்றே நாம் சொல்வோம். அன்பு உண்டென்பதால் வார்த்தைப்பாடு குறைவுபட்டதா? படம் முடிவில் காயமுற்றவனைத் தூக்கிச் செல்ல, அருகே நடந்து செல்லும் அந்த முகத்தைப் பார்த்தபின் அவ்வாறு சொல்ல எவருக்கும் மனம் வராது. க்ளோடாவிடம் இருந்த உயர்ந்த முகவாய் இங்கே இல்லை. பத்தாண்டு இடைவெளியில் அதே நடிகை, அதே முக்காட்டுக்குள், வேறொரு பெண்ணைக் காட்டியிருக்கிறார். பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி பற்றிய சுற்றுமடலை வெளியிட்டதும் இதே 1957-இல்தான்.

இவ்விரு படங்களோடு 1961-இல் வந்த 'தி இன்னோசன்ட்ஸ்' படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹென்றி ஜேம்ஸின் கதையில், போதகர் ஒருவரின் மகள் இரு குழந்தைகளைத் தீய ஆவிகளிடமிருந்து காக்க எழுகிறாள். அவளுடைய காவலே அவர்களை நசுக்குகிறது. பாவத்தை எங்கும் தேடும் பக்தியின் கொடுமையை இதைவிட அச்சமூட்டும் வகையில் எவரும் நடித்துக் காட்டவில்லை. மறைக்கல்வி கற்பிப்போர் இதைப் பார்ப்பது பயன் தரும். இரவில் தனியே வேண்டாம்.

ஆறுமுறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறையும் பெறாதவர் அவர். 1994-இல் மதிப்புறு விருது தந்தார்கள். 1960-களின் இறுதியில் திரையில் பாலுணர்ச்சியும் வன்முறையும் பெருகுவதை விரும்பாமல் திரைப்படங்களை விட்டு விலகி நாடக மேடைக்குச் சென்றார். மீண்டு வந்து 1985-இல் 'தி அஸ்ஸாம் கார்டன்' படத்தில், தேயிலைத் தோட்ட அதிகாரியின் கைம்பெண்ணாக, அண்டைவீட்டு இந்தியப் பெண்ணாக வரும் மதுர் ஜாஃப்ரியோடு நடித்தார். 2007 அக்டோபர் 16-ஆம் நாள், பார்கின்சன் நோயால் நெடுங்காலம் துன்புற்று, இங்கிலாந்தின் சஃபோக்கில் மறைந்தார். 'பிளாக் நார்சிஸஸ்' எழுதிய ரூமர் காடன் 1968-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, அதன்பின் ஆசீர்வாதப்பர் சபைச் சகோதரியரைப் பற்றி ஒரு பெரும் புதினம் படைத்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

2020-இல் பி.பி.சி. நிறுவனம் 'பிளாக் நார்சிஸஸ்' கதையை மீண்டும் தொடராக எடுத்தது. இம்முறை நேபாளத்து மலைகளையே படம்பிடித்தார்கள். மலை உண்மையானது; முகம் பழைய படத்தில்தான் இருக்கிறது. பங்கு மன்றங்களிலோ இளையோர் பாசறைகளிலோ இதனைத் திரையிட்டுக் கலந்துரையாட விரும்புவோர் 1947-இன் படத்தையே தேடிப் பெறட்டும். படியைப் பெறும்போது அயர்லாந்துக் காட்சிகள் முழுமையாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். அவை இல்லாத படியைக் காட்டுவதைவிடக் காட்டாதிருப்பதே மேல்.