எண்பிக்கும் கடன் எவர் மேற்று?

கடவுள் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் எதிர்ப்படும் அவைகளிலே, வழக்கின் பொருளினும் வழக்குரைக்கும் முறை பற்றிய பிணக்கே முந்தி எழுகின்றது. “உண்டென்று கூறியவர் நீர், ஆதலின் நீரே எண்பியும்” என்பர் ஒரு சாரார். “இல்லையென்பதை முதலில் நீர் எண்பியும்” என்பர் மறு சாரார். இவ்வாறு பொறுப்பினை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றியபின் ஆராய்ச்சிக்கு எஞ்சுவது மிகச் சிறிதே. இப்பிணக்கிலே மேலைநாட்டு அறிஞர் இருவர் கொண்ட நிலையையும், பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தமிழில் எழுந்த சைவசித்தாந்த நூல்கள் கைக்கொண்ட முறையையும் ஒப்புநோக்கின் உண்மை ஒருவாறு புலனாகும்.

நீதிமன்றத்து நெறியை முதற்கண் நோக்குவது பயனுடைத்து. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், ஒரு நிகழ்வு உண்டெனக் கூறி அதன்வழித் தீர்ப்பு வேண்டுவோனே அதனை எண்பித்தல் வேண்டும் என்கின்றது. எனினும் அச்சட்டம் அவ்வளவில் அமையவில்லை. குற்றம் நிகழ்ந்த வேளையில் தான் வேறிடத்திலிருந்ததாக எதிரி கூறுவானாயின், அதனை எண்பிக்கும் கடன் அவனையே சாரும். அன்றியும், எண்பிக்கப்பட்டது, பொய்யென எண்பிக்கப்பட்டது, எண்பிக்கப்படாதது என மூன்று நிலைகளை அது வேறுபிரித்துக் காட்டுகின்றது. இறுதி இரண்டும் ஒன்றல்ல. கடவுள் பற்றிய வாதங்களிலே நிகழும் குழப்பங்களுட் பல, இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே விளைகின்றன.

மேலைநாட்டாருள் பேட்ரண்ட் ரசல் 1952இல் எழுதிய கட்டுரையொன்றிற் கூறிய தேநீர்க்குடுவை உவமை பெயர்பெற்றது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு பீங்கான் தேநீர்க்குடுவை ஞாயிற்றைச் சுற்றி வருகின்றது; அது தொலைநோக்கிக்கும் புலனாகாத சிறுமையுடையது என ஒருவர் கூறினால், அதனைப் பிறர் மறுத்து நிறுவ இயலாமைபற்றி அக்கூற்று மெய்யாகிவிடாது என்பது அதன் கருத்து. அன்ரனி புளூ என்பார் 1972இல் வெளியிட்ட கட்டுரையில், குற்றவாளியென எண்பிக்கப்படுங்காறும் ஒருவனை நிரபராதியாகக் கொள்ளும் முறைபோலக் கடவுட் கொள்கையிலும் வழக்கு நம்பாமையிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்றார். ஆனால் அவர் குறித்த நம்பாமை, கடவுள் இல்லையென்று துணிதலன்று. உண்டென்று கொள்ளாதிருத்தல் மாத்திரமே. பின்னாளில், 2004இல், அவர்தாமே உலகிற்கு ஒரு மூலகாரணமாகிய அறிவுப்பொருள் உண்டென்னும் கருத்திற்கு மாறினார். தொடக்கநிலை வேறு, முடிந்த தீர்ப்பு வேறு என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

ரசலின் உவமை ஒரு பாதி வலிமையும் ஒரு பாதி மெலிவும் உடையது. மறுக்க இயலாமை ஒரு கூற்றிற்குச் சான்றாகாது என்னுமளவில் அது வெல்கின்றது. ஆயின் அத்தகைய குடுவை இல்லையென நாம் துணிவது அது காணப்படாமை ஒன்றனாலன்று. குடுவை மனிதராற் செய்யப்படுவது, அதனை ஆங்குக் கொண்டுசென்று வைத்தார் எவருமிலர் என முன்னரே நாம் அறிந்திருத்தலே அத்துணிவிற்கு ஏது. எனவே இல்லையென்று துணிவோனும் ஏது உடையனாதல் வேண்டும் என்பதை அவ்வுவமையே உணர்த்துகின்றது.

இந்நுட்பத்தினை நையாயிகர் முன்னரே தெளிவுறுத்தினர். காணுதற்குரிய பொருள், காணுதற்குரிய சூழலிற் காணப்படாதாயின், அக்காணாமை அதன் இன்மையை உணர்த்தும். விளக்கெரியும் மண்டபத்திலே யானையைக் காணாவிடின் யானை இல்லையெனலாம். கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமியைக் காணாமைபற்றி அது இல்லையெனல் பொருந்தாது. நியாயகுசுமாஞ்சலி இயற்றிய உதயனர், காணாமை ஒன்றே இன்மைக்குச் சான்றாயின், வீட்டைவிட்டு வெளிச்சென்ற சார்வாகன் தன் மனைவி மக்களைக் காணாமையால் அவர்கள் இல்லையென்றே புலம்பல் வேண்டும் என எள்ளிக் கூறுவர். ஆயினும் இவ்விடை நாத்திகன் துணிவைத் தடுக்குமேயன்றி ஆத்திகன் துணிவை நிலைநாட்டாது. புலனுக்கு எட்டாதது என்பதனால் ஒரு பொருள் உளதாகிவிடாது. உதயனரும் இதனையறிந்தே, மறுப்பினோடு அமையாது, கடவுளுண்மைக்குத் தனியே ஏதுக்களை எடுத்துரைத்தார்.

இனி, மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை நோக்குவாம். பன்னிரு சூத்திரங்களையுடைய அந்நூலின் முதற்சூத்திரமே பதியுண்மை கூறுவது. கடவுளை யாவரும் ஒப்புவர் என்னும் கருத்துடன் ஆசிரியர் நூலைத் தொடங்கவில்லை. சூத்திரத்தை அதிகரணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பன தந்து, எண்பிக்கும் கடனைத் தாமே மேற்கொள்கின்றார். அவற்றுள்ளும் முதல் அதிகரணம் கடவுளைப் பற்றியதன்று. உலகம் தோன்றி நின்று அழிவது என்பதை நிறுவுவது. உலகிற்குத் தோற்றமே இல்லையெனின் தோற்றுவிப்போனைத் தேடவேண்டா என்னும் தடையை முன்னுணர்ந்து, எதிரி மறுக்கக்கூடிய இடத்திலேயே அவர் ஏதுவை வைத்தமை பாராட்டற்பாலது.

அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியர், சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு திறத்தாரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் மதத்தையும் முதலில் உரைத்து, அதன் பின்னரே மறுதலை கூறுகின்றார். காண்டல், கருதல், உரை என்னும் அளவைகள் மூன்றனுள், ஆகமத்தை ஏலாத உலகாயதனுக்கு உரையளவை சான்றாகாது. ஆதலின் அவனொடு வாதிடுமிடத்துக் கருதலளவையே பெருந்துணையாகின்றது. எதிரி ஒப்பாத சான்றை அவன்முன் வைத்து வென்றதாகக் கொள்ளாமை வாதநெறியின் உயிர்நிலை. தன் கொள்கை எதனையும் நாட்டாது பிறர் கொள்கையை அழித்தலே கருதுவது விதண்டை எனப்படும். பரபக்கத்தைத் தொடர்ந்து சுபக்கம் அமைந்தமையால் சித்தியார் அக்குற்றத்தினின்று நீங்குகின்றது.

ஏற்ற கடன் முற்றும் தீர்க்கப்பட்டதோ என்பதே எஞ்சிய வினா. உலகின் பகுதிகள் தோன்றி மறைதல் காண்கின்றோம். அதனால் முழுவுலகும் அவ்வாறே ஆதல் வேண்டும் என்னும் படியே வாதத்தின் மெல்லிய இடம். ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் குமாரிலபட்டர், உலகம் ஒருங்கே தோன்றி ஒருங்கே அழிந்தது என்பதை ஏலாது மறுத்தார். 1948இல் கொப்பிள்ஸ்ரன் பாதிரியாருடன் நிகழ்த்திய வானொலி வாதத்திலே ரசலும், மனிதர் ஒவ்வொருவர்க்கும் தாய் உண்டு என்பதனால் மனிதகுலம் முழுவதற்கும் ஒரு தாய் உண்டென்பது பெறப்படாது என்றார். கடவுட் பற்றிற் சிறந்த இராமாநுசர்தாமும் ஸ்ரீபாஷ்யத்திலே, உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டதென அனுமானத்தால் நிறுவ இயலாதெனக் காட்டி, வேதமே பிரமாணம் என்றார். தடை கூறுவாரெல்லாம் நாத்திகர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்து வானியலார், ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அண்டம் மிக்க வெப்பமும் செறிவும் உடையதாயிருந்து விரிந்தது என்பர். அண்டம் மாறுதலுறுவது என்பதற்கு இது துணையாகும். ஆயின் அதற்கு முன் யாதுமில்லை என்றேனும், அதனை விரித்தவன் ஒருவன் உளன் என்றேனும் அவ்வாராய்ச்சி கூறவில்லை. அதனை முதற்சூத்திரத்திற்கு முடிந்த சான்றாக மேடைகளிற் காட்டுவோர் அறிவியலுக்கும் சித்தாந்தத்திற்கும் ஒருங்கே இழுக்குத் தேடுவோராவர்.

ஆகவே, உண்டென்று துணிவோர்க்கும் இல்லையென்று துணிவோர்க்கும் தத்தம் கடன் உண்டு. துணியாது நிற்போர்க்கு அக்கடன் இல்லை; அவர் துணிபு கூறும் உரிமையும் உடையரல்லர். சைவ மாணவன் ஒருவனை நோக்கி, “உன் கடவுளைக் காட்டு” என்று எவரேனும் வினவுமிடத்து, “இல்லையென்று நீ காட்டு” என மறுமொழி கூறுதல் எளிது. ஆனால் அது மெய்கண்டார் காட்டிய வழியன்று. மேற்கோளைத் தெளிவாக உரைத்து, அதற்குரிய ஏதுவையும் எடுத்துக்காட்டையும் தந்து, மெல்லிய இடம் இதுவென ஒளியாது ஒப்பி, மேலும் ஆராய முற்படுதலே அவ்வழி. சிவஞானபோதத்தை மனனம் செய்வதோடு அமையாது, அதன் முதற்சூத்திரத்தைத் தடைவிடைகளோடு மாணவர் கற்குமாறு செய்தல் சைவக் கல்விக்கூடங்களின் கடமையாகும்.