திரையாகும் சொல்

அந்தோணி பர்ஜெஸ் 1962இல் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' என்னும் ஆங்கில நாவலின் வன்முறை பெரிதும் பேசப்பட்டுள்ளது. நாம் இங்கு அதன் மொழியையே நோக்குகிறோம்.

கதை சொல்லும் சிறுவன் அலெக்ஸும் அவன் கூட்டாளிகளும் பேசுவது, பர்ஜெஸ் புனைந்த 'நாட்சாட்' என்னும் குழூஉக்குறி. ரஷ்ய மொழியில் பதினொன்று முதல் பத்தொன்பது வரையிலான எண்களின் ஈறே இப்பெயருக்கு மூலம். அதன் சொற்களுள் பெரும்பாலானவையும் ரஷ்ய மொழிக்குரியவையே. நண்பன் 'ட்ரூக்', இரத்தம் 'க்ரோவி'. 'நன்று' எனப் பொருள்படும் 'ஹரஷோ', 'ஹாரர்ஷோ' எனத் திரிகிறது.

பிறமொழிச் சொல்லைத் தம் மொழியின் ஒலிக்கு இசைவிப்பதை அறபு இலக்கணிகள் 'தஃரீப்' என்பர். இங்கு நிகழ்வதும் அத்தகையதே. ஆயினும் ஆங்கிலச் செவிக்கு அச்சொல் 'கோரக் காட்சி' என ஒலிக்கிறது. நன்மையைக் குறிக்கும் சொல்லிலேயே கோரம் குடியேறுகிறது. அலெக்ஸின் உள்ளமும் அவ்வாறே தலைகீழானது.

அமெரிக்கப் பதிப்பொன்றில் ஸ்டான்லி எட்கர் ஹைமன் தொகுத்த சொற்பட்டியல் இணைக்கப்பட்டது. அஃது உதவியே எனினும் நூலின் நோக்கைக் குலைப்பதாகும். வாசகர் பொருளை ஊகித்தே கற்க வேண்டும். 'க்ரோவி' யாதெனத் தேடுகையில், இரத்தம் சிந்தியவரை நாம் மறந்துவிடுகிறோம். சில பக்கங்களில் அம்மொழி நமக்கும் பழகிவிடுகிறது.

அடிபட்டோரின் வேதனை, அடித்தவனின் மொழியிலன்றி நம்மை வந்தடைவதில்லை. இதனை நூலின் குறையென்பார் உளர். எமது கருத்தில், கொடுமைக்கு விளையாட்டுப் பெயர் சூட்டினால் இரக்கம் எத்துணை எளிதில் மழுங்கும் என்பதை வாசகர் தம்மிடத்திலேயே காணச் செய்வதுதான் இந்நாவலின் தகுதி.