எட்டும் தூரம் எவ்வளவு?

இணையத்தில் பலர் கூடி எழுதும் ரோல்பிளே கதைகளில் ஒரு சண்டைக்காட்சிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தன் பாத்திரம் வாளை ஓங்குவதை எழுதி அனுப்புவார். அது பட்டதா, தப்பியதா என்பதை அடுத்த பத்தியில் மற்றவர் எழுதுவார். வெட்டையும் காயத்தையும் ஒருவரே எழுதிவிட்டால் அதற்கு ‘ஆட்டோ-ஹிட்’ என்று பெயர். யாரும் அதை விரும்புவதில்லை. ஆகவே இங்கே ஆயுத வருணனையை முதலில் படிப்பவர் பதில் எழுத வேண்டிய சக எழுத்தாளர். தன் பாத்திரம் எங்கே நிற்கலாம், எப்போது பாயலாம் என்பதை அவர் அந்த வரிகளிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘ஆயிரம் உயிர் குடித்த கருவாள்’ என்று எழுதினால் காதுக்கு இனிமை. பதில் எழுதுபவருக்கு அதில் பிடிமானம் எதுவும் இல்லை.

களரிப்பயட்டின் உருமியை ஒரு தேர்ந்த கை எழுதினால் எப்படி இருக்கும்? தமிழகத்தில் சுருள்வாள் என்று சொல்லப்படும் ஆயுதம் அது. நீண்டு வளையும் எஃகுத் தகடு, இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம். உருவினால் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், வேகம் குறைந்தால் தகடு தொய்ந்துவிடும். வாளைப்போல நேராகக் குத்த வராது. கவனம் சிதறினால் வீசுபவரையே கிழிக்கும். அருகில் தோழன் நின்றால் அவனுக்கும் ஆபத்து. இவற்றில் ஒவ்வொன்றும் எதிரில் எழுதுபவருக்குத் திறந்துவிடும் ஒரு கதவு. அவர் சண்டையைக் குறுகிய நடைக்கு இழுக்கலாம், தூணுக்குப் பின்னால் ஒதுங்கலாம், சுழற்சி தடுமாறும் நொடிக்காகக் காத்திருக்கலாம். ஆயுதத்தின் குறையைச் சொல்பவர்தான் கூட்டாளிக்கு இடம் கொடுக்கிறார். ஆயுத வருணனைக் கலையின் பெருந்தன்மை அதில் இருக்கிறது.

எடை இன்னொரு சோதனை. ஐரோப்பிய லாங்ஸ்வோர்டைத் தூக்கவே முடியாத இரும்புப் பாளமாகப் பலர் எழுதுகிறார்கள். உண்மையான வாள்கள் பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டியவை. 1974-இல் முதன்முதலில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அதற்கு 3 பவுண்டு எடை தருகிறது. சேதத்தைக் கணக்கிட, ஒரு கையால் வீசினால் எட்டு முகப் பகடை, இரு கையால் வீசினால் பத்து முகப் பகடை. நீள ஈட்டிகளுக்குக் கூடுதல் எட்டும் தூரம், குறுக்குவில்லுக்கு அம்பு பூட்டும் தாமதம். அந்தப் பதிப்பின் ஆயுத அட்டவணையில் உள்ள உலர்ந்த சொற்களுக்குள் ஒரு நல்ல வருணனையின் எலும்புக்கூடு முழுவதும் கிடைக்கிறது.

வில்லுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவுக்கு மேற்பட்ட விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வில்லின் நாணைக் காதுவரை இழுத்து நிறுத்தியபடி ஒரு பாத்திரம் நான்கு வரி வசனம் பேச முடியாது. இதை அறிந்தவர் தோளின் நடுக்கத்தை எழுதுவார். எதிராளி அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பேச்சை வளர்ப்பார். அங்கிருந்து காட்சி இருவருக்கும் சொந்தம்.

எங்கே எழுதுவது என்பதிலும் நயம் உண்டு. ஹோமர் அக்கிலீஸின் கேடயத்தை முடிந்த பொருளாக வருணிக்காமல், கொல்லர் தெய்வமான ஹெபஸ்டஸ் அதைச் செய்யும்போதே காட்டுகிறார் என்பதை ஜெர்மானிய விமர்சகர் லெஸ்ஸிங் 1766-இல் ‘லாவோகூன்’ நூலில் எடுத்துக்காட்டினார். ரோல்பிளேயின் நல்ல எழுத்தாளர்களும் வாளின் நீளத்தைத் தனிப் பத்தியில் அளந்து வைப்பதில்லை. தாழ்ந்த உத்தரத்தில் அதன் முனை இடிக்கும்போது நீளம் தானாகத் தெரிந்துவிடுகிறது.

மாய ஆயுதத்துக்கும் இதே கணக்குதான். டோல்கீனின் ‘ஸ்டிங்’ என்னும் குறுவாள் ஓர்க்குகள் நெருங்கினால் நீலமாக ஒளிரும். விதி ஒன்றே ஒன்று, தெளிவானது. இருளில் பதுங்கி நடப்பவரை அந்த ஒளி எச்சரிக்கும், காட்டிக்கொடுக்கவும் செய்யும். இப்படி ஒரு வாளைக் கதைக்குள் கொண்டுவருபவர், அது எந்த நேரத்தில் ஒளிர வேண்டும் என்பதை மற்றவர்களும் முடிவுசெய்ய விட்டுவிடுகிறார்.