கணுக்கால் சுளுக்கு: நீவுவதா, கட்டுவதா?

மலேசியாவின் பேராக்கில் தமிழர் இரு வழியாக வந்து சேர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். பந்து விளையாட்டில் பிள்ளைக்குக் கால் புரண்டால் என்ன செய்வது என்பதில் இரு தாயகங்களுக்கும் வெவ்வேறு பழக்கம்.

தமிழ்நாட்டில் முதலில் நீவுவார்கள். சூடான நல்லெண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பார்கள்; புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள். கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசானிடம் போவார்கள். எலும்பில் சந்தேகம் வந்தால் புத்தூர்க் கட்டு: ஆந்திரத்துப் புத்தூரில் ஒரு குடும்பம் பரம்பரையாகச் செய்துவரும் மூலிகைக் கட்டு, மூங்கில் பத்தை வைத்தது. அந்தப் பெயர்ப்பலகை சென்னையிலும் பல தெருக்களில் உண்டு.

இலங்கையில் முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் பார்ப்பதே ஒரு தனித்துறை. தமிழர் முறிவு நெரிவு வைத்தியம் என்பார்கள். சிங்களவர் கடும் பிந்தும் என்பார்கள். எண்ணெய், பச்சிலைப் பற்று, கட்டு என்று படிப்படியாகப் போகும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் முறிவு வைத்தியர் பாம்புக்கடி வைத்தியரைப் போலத் தம் துறையிலேயே பதிவு பெறலாம். யாரிடம் காலைக் கொடுக்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரிகிறது. இதில் இலங்கை ஒரு படி மேல்.

பாதம் உட்புறம் மடங்கும்போது பெரும்பாலும் கிழிவது வெளிப்பக்கத் தசைநார். அதை முதல் நாட்களில் அழுத்தி நீவினால் இரத்தக் கசிவும் வீக்கமும் கூடலாம். ஆகவே அப்போது கட்டே நல்லது.

ஆனால் கட்டுக்கு முன் ஒரு சோதனை வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த விதி எளிது. அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இருபுறமும் துருத்தும் கணுக்கால் எலும்பின் நுனியிலோ, அதற்கு மேல் 6 செ.மீ. வரை பின்விளிம்பிலோ தொட்டால் வலித்தாலும் அப்படியே. நடுப்பாதத்துக்கும் இதுபோல் தனி அடையாளங்கள் உண்டு. தசைநார் எவ்வளவு கிழிந்தது என்பது வீக்கம் வடிந்தபின், நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

இரு நாட்டு மரபிலும் பெரும்பாலும் வலி போனால் வைத்தியமும் முடிந்தது. விளையாட்டு வீரருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது: பாதத்தால் காற்றில் எழுத்துகள் வரைதல், குதிகால் உயர்த்தல், ஒற்றைக்காலில் நிற்றல், பிறகு நொண்டியடித்தல், திசைமாற்றி ஓடுதல். இதைத் தவிர்த்த கால் மறுபடியும் புரள வாய்ப்பு அதிகம்.

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோரும் பயிற்சியாளர்களும், வீக்கம் வடிந்ததைப் பார்த்து ஆட்டத்தில் இறக்கிவிட வேண்டாம். அடிபட்ட காலில் வலியின்றிக் குதித்துக் காட்டிய பிறகே இறக்குங்கள்.