வெல்டு தெரியாத டாப்பு

சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் அப்படி. பார்க் ஸ்ட்ரீட்டை ஒட்டிய அந்தச் சந்தையில் பழைய வண்டிகளின் கதவும் பானட்டும் பம்பரும் கடை வாசலிலேயே அடுக்கிக் கிடக்கும். நாம் டிங்கரிங் என்பதை அங்கே டென்டிங் என்கிறார்கள், செய்பவர் மிஸ்திரி. அவர் கையின் அருமை தெரிய வேண்டுமானால், துருவேறிய பழைய பிக்கப்பின் டாப்பை அவர் மாற்றும்போது பார்க்க வேண்டும்.

கதவிலோ மட்கார்டிலோ சின்னக் குறை கண்ணுக்குத் தப்பிவிடும். டாப்பில் தப்பாது. பெயிண்ட் அடித்தபின் வானமே அதில் விழுகிறது. தகடு நெளிந்த இடத்தில் வானமும் நெளியும்.

கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆனால் டாப்பைத் தின்னும் துரு பெரும்பாலும் உள்ளிருந்தே கிளம்புகிறது. ஓரத்து மழைக்காடியில் இரண்டு தகடுகள் ஸ்பாட் வெல்டில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. சீலர் வெடித்தால் அந்த இடுக்கில் நீர் புகும், காயாது. உள்ளே ஒட்டிய லைனிங்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

தேர்ந்த மிஸ்திரி எடுத்த எடுப்பில் வெட்டமாட்டார். கதவுகளை மாட்டி இடைவெளி பார்த்து, கேபினுக்குள் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு வைப்பார். டாப்பு போனதும் தூண்கள் விலகினால் கதவு மறுபடி சேராது. பிறகுதான் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு விடுவிப்பார்.

புதுத் தகடு 20 கேஜ், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. டாப்பு இரு திசையிலும் லேசாக வளைவதால் மடித்தால் மட்டும் போதாது. நடுத்தகட்டை அடித்து நீட்ட வேண்டும். மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் நாலு தட்டு, உடனே பருத்தித் துணி சுற்றிய உள்ளங்கையால் ஒரு தடவல். கண்ணுக்குப் புலப்படாத மேடு கைக்குத் தெரிகிறது! அதிகம் நீட்டினால் தகடு டின் மூடிபோல ‘டொக்’கென்று உள்வாங்கும், சூடு வைத்துச் சுருக்க வேண்டும். வெல்டிங்குக்கும் பொறுமைதான். இங்கே ஒரு புள்ளி, எதிர்மூலையில் ஒன்று, நடுவே ஆறவிடுதல். ஒரே மூச்சில் இழுத்தால் தகடு அலையலையாகிவிடும்.

பட்டியை அப்பி எதையும் மூடலாம். ஆனால் தடித்த பட்டி ஒருநாள் வெடிக்கும், அடியில் துரு மறுபடி தொடங்கும்.

பழைய வண்டியை மூல வடிவில் காக்கும் ஆர்வம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பழைய கார் பேரணி கொல்கத்தாவில் 1968 முதல் நடந்துவருகிறது. 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021-இல் வந்த தனிப் பதிவு விதியும், வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்கிறது. அதனால் பட்டி தடவிய பத்து டாப்புகளைவிட, தட்டி எடுத்த ஒரு டாப்பு மேல்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள், அடுத்த மழைக்கு முன் லைனிங்கைக் கழற்றி மழைக்காடியின் உட்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.